பெற்றோர் ஈடுபாடு என்னும் அளவுகோல்: பேராக் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்ப்பள்ளி மாணவரின் கல்வித் தேர்ச்சி குறித்துக் கருத்தரங்குகளிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் உரையாடும்பொழுது பெரும்பாலும் ஒரே முடிவு எட்டப்படுகிறது. பிள்ளைகளின் கல்வியில் பெற்றோருக்குப் போதிய அக்கறை இல்லை என்பதே அம்முடிவு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வருவோர் தொகை குறைவு. வீட்டுப்பாடத்தைப் பார்வையிடுவோர் குறைவு. தேர்ச்சி அறிக்கையைப் படிக்காமலே கையொப்பமிட்டு அனுப்புவோர் மிகுதி என்பன இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இவை ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டவை. பொய்யென ஒதுக்கத் தக்கவை அல்ல. எனினும், கூட்டத்திற்கு வாராமை என்பது நாம் காணும் செயல். அக்கறையின்மை என்பது அச்செயலுக்கு நாம் கற்பிக்கும் காரணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நாம் எளிதாகத் தாவிவிடுகிறோம். அத்தாவல் சரிதானா என்பதைப் பேராக் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளையை உருவாக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் இப்பொறுப்பைப் பகிர்ந்தளிக்கிறார். பெற்று வளர்ப்பது தாயின் கடமை. சான்றோனாக்குவது தந்தையின் கடமை. பள்ளி விழாக்களில் நாம் பெரிதும் நினைவுகூர்வது இவ்விரு கடமைகளையே. ஆயினும் பாடல் அத்துடன் நிற்பதில்லை. கருவியைச் செய்து தருவது கொல்லனின் கடமையாகவும், நன்னடை நல்குவது வேந்தனின் கடமையாகவும் அப்பாடல் வகுக்கிறது. அவ்விடத்தில் தண்ணடை எனப் பாடங்கொண்டு, மருதநிலத்தை வழங்குவது வேந்தனின் கடமை எனப் பொருள் கூறுவாரும் உளர். எப்பாடத்தைக் கொண்டாலும், களத்தில் மகன் வெல்வதற்கு நால்வர் பொறுப்பாளிகள் ஆகின்றனர். நம்முடைய கல்வி உரையாடல் முதல் இருவரை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்கிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் முதல் குறை.

கருத்தாக்கம் உருவான முறை

‘பெற்றோர் ஈடுபாடு’ என்று இன்று கல்வியியலில் வழங்கும் கருத்தாக்கம் மேலை நாடுகளில் 1960களில் வலுப்பெற்றது. அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பள்ளிகளின் வசதிகளைக் காட்டிலும் குடும்பப் பின்னணியே மாணவரின் அடைவோடு மிகுதியாகத் தொடர்புற்றிருப்பதாகக் கூறியது. இங்கிலாந்தின் தொடக்கக்கல்வி பற்றி 1967இல் வெளிவந்த பிளவ்டன் அறிக்கை, பெற்றோரின் மனப்பான்மைக்கு முதன்மை அளித்தது. இதன் விளைவாக, ஏழைப் பிள்ளைகளின் பின்னடைவுக்கு அவர்தம் இல்லத்தின் குறையே காரணம் என்னும் எண்ணம் பரவியது. கல்வியால் சமுதாயத்தின் குறையை ஈடுசெய்ய இயலாது என்னும் கருத்தைத் தலைப்பாகவே கொண்டு 1970இல் பேசில் பெர்ன்ஸ்டைன் எழுதிய கட்டுரை இவ்வெண்ணத்திற்கு எழுந்த வலுவான எதிர்க்குரல்களுள் ஒன்றாகும். பிள்ளையிடமும் குடும்பத்திடமும் குறையைத் தேடும்பொழுது பள்ளியின் குறை பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது என்பது அவருடைய கவலை.

பின்னர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் பெற்றோர் ஈடுபாட்டை ஆறு வகையாகப் பகுத்தார். பிள்ளை வளர்ப்பு, பள்ளியோடு தொடர்பாடல், பள்ளியில் தொண்டாற்றல், வீட்டில் கற்றலுக்குத் துணைநிற்றல், முடிவெடுப்பதில் பங்கேற்றல், சமூகத்தோடு ஒத்துழைத்தல் என்பன அவை. இப்பகுப்பு தெளிவானது, வினாநிரல் அமைப்பதற்கு ஏற்றது. எப்ஸ்டீன் தம் பகுப்பில் பள்ளியின் கடமையையும் வலியுறுத்தியிருக்கிறார். பள்ளிதான் முதலில் கைநீட்ட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. ஆயினும் இப்பகுப்பை வினாநிரலாக்கிக் கையாளும்பொழுது அந்தப் பாதி எளிதில் விடுபட்டுப் போகிறது; பெற்றோருக்கு மதிப்பெண் இடும் பட்டியலாக அது சுருங்கிவிடுகிறது.

ஈடுபாட்டின் எக்கூறு உண்மையில் பயன் தருகிறது என்பதிலும் ஆய்வுகள் நம் எதிர்பார்ப்போடு முற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஃபேன், சென் ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பிள்ளை எவ்வளவு தூரம் படிக்க வேண்டும் என்னும் பெற்றோரின் எதிர்பார்ப்பே கல்வி அடைவோடு மிக வலுவாகத் தொடர்புடையது என்றும், வீட்டில் மேற்பார்வை செய்தல் மிகக் குறைந்த தொடர்பே உடையது என்றும் காட்டியது. இங்கிலாந்து அரசின் கல்வித்துறைக்காக டெஸ்ஃபோர்ஜஸ், அபூஷார் ஆகியோர் 2003இல் அளித்த மதிப்பாய்வும், பள்ளிக்கு வந்து செய்யும் செயல்களைவிட வீட்டில் நிகழும் உரையாடலும் ஊக்கமுமே முதன்மையானவை எனக் கண்டது. ராபின்சனும் ஹாரிசும் 2014இல் வெளியிட்ட நூல், வீட்டுப்பாடத்தில் உதவுதல் முதலிய பல செயல்களுக்கும் அடைவுக்கும் தெளிவான தொடர்பில்லை என வாதிட்டது. நாம் எளிதாக எண்ணிக் கணக்கிடும் செயல்களின் பயன் ஐயத்திற்குரியதாகவும், எண்ணுதற்கு அரிய செயல்களின் பயன் மிகுந்ததாகவும் இருத்தல் இவற்றால் புலனாகிறது.

தோட்டப்பள்ளியில் பெற்றோரின் இடம்

மேற்கூறிய கருத்தாக்கம் ஒரு முன்நிபந்தனையை உள்ளடக்கியது. பள்ளி பெற்றோரை வரவேற்கிறது. பெற்றோர் வருவதற்கு நேரமும் உரிமையும் உடையவர் என்பதே அது. பேராக் தோட்டங்களில் இம்முன்நிபந்தனை இருந்ததா என்பதை இனிக் காண்போம்.

மலாயாவில் ரப்பர் வரலாற்றின் தொடக்கக் களங்களுள் பேராக் ஒன்று. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான், பாகான் டத்தோ வரை தோட்டங்கள் பரவின; அவற்றின் உழைப்பாளருள் பெரும்பான்மையோர் தமிழர். மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1912இலும் பின்னர் 1923இலும் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத்தொகுப்புகள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்னும் கடப்பாட்டை விதித்தன. இச்சட்டமே தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி தோன்ற வழிவகுத்தது. அவ்வகையில் அதன் பயன் மறுத்தற்கரியது.

ஆயினும் அப்பள்ளி யாருடையது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நிலம் தோட்டத்திற்குரியது, கட்டடம் தோட்டத்திற்குரியது. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்தார். ஆயாக் கொட்டகையை ஒட்டிய கூடமே வகுப்பறையாக இருந்ததும் உண்டு. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே கூடத்தில் நடத்தினார். இத்தகைய பள்ளியின் குறையைப் பற்றிக் கேட்க வேண்டுமாயின் தொழிலாளி தம் முதலாளியிடமே கேட்க வேண்டும். காலையில் பெரட்டுக் களத்தில் யார் பெயரைக் கூப்பிடுகிறாரோ அவரே பள்ளியிலும் மேலாளராகவோ ஆசிரியராகவோ நின்றால், பெற்றோர் கேள்வி கேட்கும் உரிமையை எங்கே பழகியிருப்பர்? பள்ளிக்கு வெளியே கைகட்டி நிற்கும் வழக்கத்தை அக்கறையின்மை என்று பெயரிடுவதற்கு முன்னர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் தகும்.

நேரத்தின் அமைப்பும் இதற்கு ஒத்ததே. விடியற்காலையின் குளிர்ச்சியில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். ஆதலால் பால்மரம் சீவுவோர் பொழுது புலருமுன்னரே வேலைக்காட்டிற்குச் செல்ல வேண்டியிருந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் சென்றால்தான் குடும்பம் நடக்கும் என்னும் நிலையில், பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வீட்டில் பெரியவர் எவரும் இலர். சீவிய பாலைச் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துத் தாய் வீடு திரும்பும் நேரமும் பள்ளி விடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. இந்நிலையில் தம்பி தங்கையரை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு மூத்த மகளைச் சேர்ந்தது. எந்த வினாநிரலும் ‘பெற்றோர் ஈடுபாடு’ எனக் கணக்கிடாத இவ்வுழைப்பினால் இளையவர் படித்தனர். அதற்கு விலையாகப் படிப்பை நிறுத்திய மூத்த மகள்களும் உண்டு. குடும்பத்தின் ஈடுபாடு ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாகவும் மற்றொரு பிள்ளைக்கு இழப்பாகவும் அமையலாம் என்பதை இத்துறை ஆய்வுகள் போதிய அளவு கருதவில்லை.

ஒப்படைத்தல் என்னும் நம்பிக்கை

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆனெட் லாரோ 1989இல் வெளியிட்ட நூலில், தொழிலாளர் குடும்பங்களும் நடுத்தரக் குடும்பங்களும் கல்வியை ஒரே அளவில் மதிக்கின்றன எனக் கண்டார். வேறுபாடு மதிப்பில் இல்லை. பொறுப்பைப் புரிந்துகொள்ளும் முறையில்தான் உள்ளது. நடுத்தரப் பெற்றோர் கல்வியைத் தாமும் ஆசிரியரும் சேர்ந்து செய்யும் பணியாகக் கருதினர். தொழிலாளர் குடும்பத்துப் பெற்றோர் அதனை ஆசிரியரின் பணியாகக் கருதி அவரிடம் ஒப்படைத்தனர்.

இக்கருத்து நமக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கு அழைத்து வந்து, ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்துச் சொல்லிக்கொடுங்கள்’ என்று வாத்தியாரிடம் விட்டுச் சென்ற பெற்றோரை நம் தலைமுறையினர் அறிவர். இன்றைய கல்வியியல் இக்கூற்றை வன்முறைக்கு இசைவு என்றும், பொறுப்பைத் தட்டிக்கழித்தல் என்றும் படிக்கக்கூடும். அடித்தலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அக்கூற்றின் உட்கிடையில் இருப்பது அளவற்ற நம்பிக்கை. தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் முழுமையாக ஒப்படைக்கும் செயல் அது. குருவிடம் பிள்ளையைச் சேர்க்கும் திண்ணைப்பள்ளிக் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி அது. அத்தகைய பெற்றோர் ஆசிரியரின் வேலையில் தலையிடுவதை மரியாதைக் குறைவாகக் கருதினர். தலையிடாமையை மரியாதையாகப் பெற்றோர் கருத, அதே தலையிடாமையை அக்கறையின்மையாக ஆசிரியர் கருதுகிறார். இரு சாராரும் ஒருவரையொருவர் தவறாகப் படிக்கும் நிலை இங்குத் தோன்றுகிறது.

மாரிமுத்துவின் வாதமும் அதன் எல்லையும்

தோட்டப்பள்ளி பற்றிய ஆய்வுகளுள் பேராசிரியர் டி. மாரிமுத்துவின் கட்டுரை தனியிடம் பெறுவது. கே. எஸ். சந்து, ஏ. மணி ஆகியோர் பதிப்பித்துத் தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்கள் குறித்து 1993இல் வெளிவந்த தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. தோட்டப்பள்ளி, தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே மறு உருவாக்கம் செய்யும் கருவியாக இயங்கியது என்பது அதன் தலைப்பே உணர்த்தும் வாதம். குறையைக் குடும்பத்திலிருந்து அகற்றித் தோட்டம் என்னும் அமைப்பின்மேல் வைத்தது இவ்வாதத்தின் சிறப்பாகும்.

எனினும் இவ்வாதத்தை அப்படியே ஏற்பதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அமைப்பே அனைத்தையும் தீர்மானித்தது எனின், அதே லயத்து வீடுகளிலிருந்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தோரை எவ்வாறு விளக்குவது? அவர்களை விதிவிலக்கு எனக் கூறி நகர்ந்துவிடின், அவர்தம் பெற்றோர் செய்தது என்ன என்னும் வினா கேட்கப்படாமலே போய்விடும். அக்கறையின்மைக் கொள்கை பெற்றோரைக் குற்றவாளி ஆக்குகிறது. மறு உருவாக்கக் கொள்கை அவர்களை வெறும் பார்வையாளர் ஆக்குகிறது. இரண்டிலும் பெற்றோரின் செயலுக்கு இடமில்லை.

பேராக்கின் பொதுவரலாறு இதற்கு மாறான சான்று தருகிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1954இல் அவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். தோட்ட நிருவாகத்தின் நிலத்தில் அமையாமல் ஊருக்குப் பொதுவான பள்ளியாக அது எழுந்தமை கருதத்தக்கது. தோட்டத் துண்டாடலின் நெருக்கடியில் 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் சீவுவோர் தம் ஊதியத்திலிருந்து தவணைப் பணம் கட்டிப் பங்குதாரர் ஆயினர். எதிர்காலத்தைப் பற்றிய எண்ணமே இல்லாதோர் என்று கருதப்பட்ட அதே மக்கள், தமக்குப் புரிந்த வழியும் நம்பத்தக்க தலைமையும் கிட்டியபொழுது எதிர்காலத்திற்காகச் சேமித்தனர் என்பதை இது காட்டுகிறது. கல்வியில் அவ்வழி அவர்களுக்கு எவ்வளவு தெளிவாகக் காட்டப்பட்டது என்பதே இனி எழும் வினா.

பன்னிரண்டு வயதுத் திருப்பம்

தமிழ்ப்பள்ளி மாணவரின் கல்விப் பயணத்தில் மிகுந்த இடர் நிறைந்த கட்டம் ஆறாம் ஆண்டின் இறுதியாகும். தொடக்கப்பள்ளியில் தமிழில் பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் வேறொரு மொழிக்குள் நுழைகிறது. முன்பு அம்மொழி ஆங்கிலம். 1970 முதல் ஆங்கில வழிப்பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறிய பின்னர் அது மலாய். 1964இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டதால் வாயில் திறந்தது. ஆயினும் மொழித்தடை நீங்கவில்லை. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வின் காலத்தில், மலாய்மொழியில் குறைந்த அளவுத் தேர்ச்சியும் பெறாதோர் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயில வேண்டியிருந்தது.

அந்த ஓராண்டை ஆசிரியர் மொழிப்பயிற்சியாகப் பார்த்தார். தோட்டத்துப் பெற்றோருக்கு அது மேலும் ஓராண்டுப் பேருந்துக் கட்டணம். மேலும் ஓராண்டுச் சீருடை. பள்ளி நகரத்தில், வீடு தோட்டத்தின் உட்பகுதியில். பள்ளியிலிருந்து வரும் கடிதம் மலாயில். பெற்றோர் படித்தது, படித்திருந்தால், தமிழில். அதுவரை வாத்தியார் அதே தோட்டத்தில் வாழ்ந்தவர். கோயில் திருவிழாவிலும் கடைத்தெருவிலும் காணக்கூடியவர். இடைநிலைப்பள்ளியிலோ எந்த ஆசிரியரை, எந்த மொழியில், எதைப் பற்றிக் கேட்பது என்பதே தெரியாத நிலை. பெற்றோர் ஈடுபாடு மிகவும் வேண்டப்படும் கட்டத்திலேயே அதற்கான கருவி அவர்கள் கையிலிருந்து நழுவுகிறது.

இத்திருப்பம் ஒன்றுடன் முடிவதில்லை. மூன்றாம் படிவத்திற்குப் பின்னர் அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா, தொழில்நுட்பப் பிரிவா என்னும் தேர்வு; எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின்னர் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, தொழிற்கல்வியா என்னும் தேர்வு. இவை ஒவ்வொன்றிலும் ஒரு படிவத்தை உரிய நாளுக்குள் நிரப்பி அனுப்பினால் ஒரு கதவு திறக்கும், தவறினால் மூடும். பிறப்புச் சான்றிதழ் முறையாக இல்லாத குடும்பங்களுக்கு முதல் கதவே சிக்கலாகும். படித்த நடுத்தரக் குடும்பம் இவ்வறிவை உணவு மேசையில் இயல்பாகப் பிள்ளைக்குக் கடத்துகிறது. மற்றக் குடும்பத்திற்கு அதனை யாரேனும் சொல்ல வேண்டும். சொல்வார் இல்லாதபொழுது, பெற்றோரின் பேரார்வமும் பிள்ளையின் திறமையும் இருந்தும் பயணம் முறிகிறது. இதனைப் பெற்றோரின் அக்கறைக் குறைவு என்பதைக் காட்டிலும், பள்ளி வழிகளைப் பற்றிய தகவல் குறைவு என்பதே பொருத்தமாகும்.

பேராக்கின் வடக்கே அமைந்த கெடாவைக் களமாகக் கொண்டு கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன்’ நாவல் இவ்விடத்தில் கருதத்தக்கது. மருத்துவமனைச் சலவைத் தொழிலாளியின் மகன் ரவி, தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்கிறான். பின்னர் இங்கிலாந்து வரை சென்று ஆசிரியப் பயிற்சி பெறுகிறான். அக்கல்வி அவனை உயர்த்தும் அதே வேளையில் தந்தையின் உலகிலிருந்து பிரித்துவிடுகிறது. பிள்ளை கல்வியில் முன்னேற முன்னேறப் பெற்றோர் அவனுக்குத் துணைநிற்கும் ஆற்றல் குறைந்துகொண்டே செல்லும் துன்பத்தை வினாநிரல்கள் பதிவு செய்வதில்லை. இலக்கியம் பதிவு செய்துள்ளது. வெற்றி பெற்ற பிள்ளையின் கதையிலும் இத்துன்பம் இருக்குமாயின், இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் எத்தகைய தயக்கத்தோடு பள்ளி வாயிலில் நின்றிருப்பர் என்பதை நாம் உய்த்துணரலாம்.

தோட்டத்திலிருந்து ஈப்போவிற்கு

1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டமையும் தோட்ட மக்களை நகரங்களை நோக்கிப் பெயர்த்தன. நாட்டில் 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை பின்னர் 520 அளவிற்குக் குறைந்தது. மாநிலங்களுள் பேராக்கிலேயே தமிழ்ப்பள்ளிகள் மிகுதி. 130க்கு மேற்பட்ட பள்ளிகள் இங்குள்ளன. அவற்றுள் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தோட்ட மக்கள் வெளியேறிவிட்ட இடங்களில் மாணவர் தொகை குறைந்து, பல வகுப்பினரை ஒன்றிணைத்துக் கற்பிக்க வேண்டிய பள்ளிகளும் உண்டு.

ஈப்போவின் புந்தோங், மெங்லெம்பு, குனோங் ராப்பாட் முதலிய பகுதிகளுக்குக் குடியேறிய குடும்பங்களின் நிலை ஒருவகையில் மேம்பட்டது. பள்ளி அருகில் வந்தது. தேர்ந்தெடுக்கப் பல பள்ளிகள் இருந்தன. ஆயினும் பெரட்டுக்கு மாற்றாகத் தொழிற்சாலையின் வேலைமுறை மாற்றம் வந்தது. ஒரு வாரம் பகல்வேலை, மறுவாரம் இரவுவேலை என்றமையும் வாழ்வில், வேலைநாளில் நிகழும் பள்ளிக் கூட்டத்திற்கு வருவது ஒருநாள் ஊதியத்தை இழப்பதாகும். லயத்து வாழ்வில் இருந்த அண்டை அயலாரின் கண்காணிப்பும் நகர அடுக்ககத்தில் இல்லாமற்போயிற்று.

இவற்றிற்கிடையிலும் பெற்றோர் செய்தவை பல. நகருக்குக் குடிபெயர்ந்த பின்னரும் பழைய தோட்டப்பள்ளிக்கே வேன் அமர்த்திப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் உண்டு. அப்பள்ளி மூடப்படாமல் இருப்பதற்கு அவ்வேன் கட்டணமும் ஒரு காரணம். உணவுச் செலவைச் சுருக்கித் தனிப்பயிற்சி வகுப்பிற்குக் கட்டணம் செலுத்துவோர் பலர். மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக விளங்கிய டாக்டர் மு. தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இவ்வகையில் ஆராயத்தக்கது. அந்நிலையம் மாணவரோடு பெற்றோரையும் ஓர் உறுதிப்பாட்டிற்குள் கொணர்ந்தது. பத்துமலைக் கல்வி யாத்திரை என்னும் சமய வடிவத்தின்வழிப் பெற்றோர் தமக்குப் பழக்கமான ஒழுங்கில் பிள்ளையின் கல்விக்காக நேர்ந்துகொள்ளும் வாய்ப்பைப் பெற்றனர். அறிமுகமில்லாத கூட்ட மேசைக்குத் தயங்கியோர், அறிந்த வடிவத்தில் அழைக்கப்பட்டபொழுது வந்தனர் என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

எதிர்வாதங்கள்

இக்கட்டுரையின் வாதத்திற்கு எழக்கூடிய மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். நேரமும் தகவலும் இருந்தும் பிள்ளையைக் கவனியாத பெற்றோர் இல்லையா என்று ஆசிரியர் கேட்கலாம். உளர். கள்ளுக்கடையும் சம்சுவும் சீரழித்த குடும்பங்களைத் தோட்டப்புற ஆசிரியர் அனைவரும் அறிவர். தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் பிள்ளையை விட்டுவிட்ட வீடுகளையும் இன்றைய ஆசிரியர் அறிவர். வீட்டின் பங்கு பெரிது என்று மேலே சுட்டிய ஆய்வுகளும் கூறுகின்றன. ஆதலால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று.

வேண்டுவது, காரணங்களைப் பிரித்தறியும் கூர்மை. வாராதவர் அனைவரையும் ஒரே பட்டியலில் அடக்கும்பொழுது, வர இயலாதவர், வரத் தயங்குபவர், வர விரும்பாதவர் ஆகிய மூவரும் ஒருவராகிவிடுகின்றனர். முதலாமவருக்கு வேண்டுவது வேறு நேரம். இரண்டாமவருக்கு வேண்டுவது வேறு மொழியும் வேறு முகமும். மூன்றாமவரிடம் மட்டுமே அறிவுரை பொருந்தும். நாமோ மூவருக்கும் அறிவுரையையே வழங்கி வருகிறோம். அவ்வறிவுரையைக் கேட்க வந்திருப்போரும் பெரும்பாலும் அறிவுரை தேவைப்படாத பெற்றோரே ஆவர்.

மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் 2013–2025 தன் பதினொரு மாற்றங்களுள் ஒன்பதாவதாகப் பெற்றோர், சமூகம், தனியார் துறை ஆகியோருடன் கூட்டு முயற்சியை வலியுறுத்தியது. கூட்டு என்னும் சொல் இருபக்கக் கடமையைக் குறிப்பது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பின்னர் அக்கடமை மேலும் கூடியுள்ளது. அத்தேர்வின் நெருக்கடி பிள்ளைகளை வருத்தியது உண்மையே. ஆயினும் ‘எத்தனை ஏ’ என்னும் கணக்கு எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரிந்த ஒன்று. அதன் இடத்தில் வந்த வகுப்பறை மதிப்பீட்டின் அடைவு நிலைகள் ஆசிரியருக்குத் தெளிவானவை, பெற்றோருக்கு அல்ல. தம் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பதைப் பன்னிரண்டு வயது வரை அறியாத பெற்றோர் உருவாகும் இடர் இங்குள்ளது. அவ்வறிக்கையைத் தமிழில், எளிய சொற்களில், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஆசிரியரே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கூட்டத்தைப் பெற்றோரின் வேலைமுறைக்கேற்ப மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கலாம். இடைநிலைப்பள்ளி வழிகளை விளக்கும் சந்திப்பை ஆறாம் ஆண்டின் இறுதிக்கு ஒத்திவைக்காமல் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளிலேயே நடத்தலாம். அதே குடியிருப்பிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒருவரின் தாயைப் பேச அழைக்கலாம். ‘பாடம் சொல்லிக்கொடுங்கள்’ என்று கேளாமல், ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று நாள்தோறும் கேளுங்கள்’ என்று வேண்டலாம். எழுத்தறியாத தாயும் செய்யக்கூடியது அது. ஆய்வுகள் பயனுடையதெனக் காட்டுவதும் அத்தகைய உரையாடலே.

முடிவுரை

பெற்றோர் ஈடுபாடு மாணவரின் வெற்றிக்குத் துணைபுரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வீடுபாட்டை அளக்க நாம் கையாளும் அளவுகோல், நேரமும் மொழியும் உரிமையும் வாய்த்த குடும்பங்களைப் பார்த்துச் செய்யப்பட்டது. பள்ளி முதலாளியின் உடைமையாகவும், விடியல் பெரட்டுக் களத்திற்குரியதாகவும், இடைநிலைக் கல்வி அறியா மொழியிலும் இருந்த வரலாற்றின்மேல் அதனை வைத்து அளந்தால், அளவு குறைந்தே காட்டும். அக்குறையைப் பெற்றோரின் இயல்பாகப் பதிவு செய்யும் ஒவ்வோர் ஆய்வும், அவர்களைப் பள்ளியிலிருந்து மேலும் ஓரடி தள்ளிவைக்கிறது. இனி நம் மாணவர் மேற்கொள்ளும் ஆய்வுகள், ‘எத்தனை முறை பள்ளிக்கு வந்தீர்கள்’ என்று பெற்றோரைக் கேட்பதோடு, ‘எத்தனை முறை, எந்த நேரத்தில், எந்த மொழியில் அழைத்தீர்கள்’ என்று பள்ளியையும் கேட்குமாயின் பயனுடையவாக அமையும்.

பொன்முடியார் கண்ட தாய் தன் கடமையைச் சொன்னதோடு, கொல்லனின் கடமையையும் வேந்தனின் கடமையையும் எடுத்துக்கூறும் உரிமை பெற்றிருந்தாள். தமிழ்ப்பள்ளி வாயிலில் நிற்கும் தாய்க்கும் அவ்வுரிமை உண்டு. அவள் கேட்பதற்கு முன்னரே ஆசிரியர் தம் பங்கை உணர்ந்து செயற்படுவது சாலச் சிறந்தது.